மூன்று மலை, ஒரு கிராமம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷர் டேல்ஸ் பகுதியில் உள்ள ஒரு நாள் மலைநடையைப் பற்றி எழுதியிருந்தேன். ஹார்ட்டன்-இன்-ரிபிள்ஸ்டேல் என்ற சின்னக் கிராமத்தில் காலையில் கிளம்பி, பெனிகென்ட், வெர்ன்சைட், இங்கிள்பரோ என்ற மூன்று மலைகளின் உச்சியையும் தொட்டுவிட்டு, மாலையில் அதே கிராமத்துக்குத் திரும்பி வரும் சுற்று அது. நிறையப் பேர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் தென்காசிப் பக்கம் பிறந்தவள். இருபத்திரண்டு வருடமாக பிராட்ஃபர்டில் இருக்கிறேன், மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. இந்தச் சுற்றை முழுதாக ஏழு முறை நடந்திருக்கிறேன். முடிக்காமல் பாதியில் திரும்பியது மூன்று முறை. இந்த மூன்றையும் ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஆகஸ்டில் மான்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறோம். எனக்கு 61 வயது. தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. இந்தச் சுற்றை என்னால் நடக்க முடியுமா? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

ஐயா, இந்த வருடம் வேண்டாம். ஒரு மலையை மட்டும் ஏறுங்கள்.

முழுச் சுற்று சுமார் 39 கிலோமீட்டர். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 1,600 மீட்டர் வரும். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்நூறு மாடிக்கு மேல் படி ஏறிய கணக்கு. ஏறியதை எல்லாம் இறங்கவும் வேண்டும். சமதரையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் முழங்கால் அதில் இறக்கத்தைக் கற்றுக்கொள்வதில்லை. எனக்குத் தெரிந்து இந்தச் சுற்றில் சிரமப்பட்ட பெரும்பாலோர் மூச்சு வாங்கி நின்றவர்கள் இல்லை. வெர்ன்சைட்டிலிருந்து இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.

பெனிகென்ட் மட்டும் என்றால் ஹார்ட்டனில் கிளம்பி ஹார்ட்டனுக்கே திரும்பும் பத்து கிலோமீட்டர் சுற்று ஒன்று இருக்கிறது. நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். கிராமத்தின் தேவாலயத்தைத் தாண்டி பிராக்கன்பாட்டம் என்ற பண்ணைப் பக்கமாக வழி ஏறும். சுண்ணாம்புச் சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய மதில்களை ஒட்டியே நடப்பீர்கள். மலையின் தெற்கு மூக்குக்கு வந்ததும் இரண்டு இடத்தில் பாறை படிக்கட்டுப் போல எழுந்து நிற்கும். அங்கே கையையும் ஊன்றி ஏற வேண்டும். பயப்படும்படி இல்லை, ஈரமாக இருந்தால் மட்டும் கவனம். அதன் பிறகு கொஞ்ச தூரத்தில் உச்சி, 694 மீட்டர். உச்சியில் ஓடும் மதிலோடு சேர்த்தே வளைவாகக் கல்லிருக்கை கட்டியிருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

இறங்குவது மேற்குச் சரிவில். வழியில் ஹல் பாட் என்ற பெரிய பள்ளத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், பாதையிலிருந்து சில நிமிட நடைதான். சுமார் 90 மீட்டர் நீளத்துக்குப் பூமி வாய் பிளந்து கிடக்கும். மழைக்குப் பிறகு போனால் ஓடை அதன் விளிம்பிலிருந்து அருவியாக விழும். விளிம்புக்கு வேலி கிடையாது, பேரப்பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

அடுத்த வருடம் முழுச் சுற்றுக்கு வர ஆசையிருந்தால், கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே வாரம் ஒரு நாள் நீண்ட நடை போங்கள். பத்தில் தொடங்கி இருபத்தைந்து கிலோமீட்டர் வரை வந்தால் போதும். அழகர்மலைப் பாதையில் ஏறுங்கள், முக்கியமாக நடந்தே இறங்குங்கள்.

பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால்தான் கணக்கு என்கிறார்களே? எங்கள் அலுவலகக் குழு அதற்காகவே பயிற்சி எடுக்கிறது. (ரெடிங்கிலிருந்து ஒரு வாசகி)

பன்னிரண்டு மணி நேரம் என்பது வழக்கமாகிவிட்ட ஒரு சவால்தான், சட்டம் இல்லை. முதலில் இந்த மூன்றையும் ஒரே நாளில் நடந்ததாகப் பதிவானவர்கள் அருகிலிருக்கும் கிகிள்ஸ்விக் பள்ளியின் ஆசிரியர்கள் இருவர். 1887இல் பத்து மணி நேரத்தில் முடித்தார்கள். 1954இலிருந்து இங்கே மலையோட்டப் பந்தயம் நடக்கிறது, அதில் முதலில் வருபவர்கள் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே ஓடி முடித்துவிடுகிறார்கள். ஆக, நேரம் என்பது யார் நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் குழுவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன விதி இன்றும் மலைநடைக்காரர்கள் பயன்படுத்துவது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 39 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட எட்டு மணி, 1,600 மீட்டருக்கு இரண்டே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் பத்தரை மணி. இதில் சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, ஷூவுக்குள் போன கல்லை எடுக்கும் நேரம்கூட இல்லை. பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டுமென்றால் நாள் முழுவதற்கும் உட்கார உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். பத்துப் பேர் குழுவில் ஒருவருக்குக் கொப்புளம் வந்தால் அந்த ஒன்றரை மணியும் போய்விடும்.

அப்புறம் நடப்பது இதுதான்: நேரத்தைப் பிடிக்க எல்லோரும் வேகமாகப் போவார்கள், மெதுவாக நடப்பவர் பின்னால் தனியாக விடப்படுவார். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஜூன் மாதம், வெர்ன்சைட் முகட்டில் ஒரு பெண் தனியாக அழுதுகொண்டு நின்றிருந்தாள். அவள் குழு நாற்பது நிமிடம் முன்னால் போயிருந்தது, வரைபடமும் அவர்களிடமே இருந்தது. அன்று அவளோடு சேர்ந்து நடந்து கீழே கொண்டுவந்து விட்டேன். எனக்கு அன்று மூன்றாவது மலை இல்லை. அதில் ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் அந்தக் குழுத்தலைவர்மேல் இன்றும் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். அது முடியாதென்றால் குழுவாகப் போகாதீர்கள்.

கடிகாரம் பார்க்க வேண்டியது இரண்டு விஷயத்துக்கு: சூரியன் மறையும் நேரம், கடைசி ரயிலின் நேரம். ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது, டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது.

எந்தத் திசையில் சுற்றுவது? (கார்டிஃபிலிருந்து ஒரு வாசகர்)

கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில். முதலில் பெனிகென்ட், பிறகு வெர்ன்சைட், கடைசியில் இங்கிள்பரோ. பெனிகென்ட் மூக்கில் அந்தப் பாறைப் படிகளைக் காலையில் தெம்போடு ஏறுவது நல்லது. மாலையில் களைத்த காலோடு அதில் இறங்குவது நல்லதில்லை.

லீட்ஸில் படிக்க வந்திருக்கிறேன். நண்பர்கள் ஆறு பேர் அக்டோபர் கடைசியில் போகலாம் என்று இருக்கிறோம். ஜீன்ஸ், ஸ்னீக்கர்ஸ், ஹூடி போதுமா? (கோவையிலிருந்து வந்த மாணவர்)

போதாது தம்பி. கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஊரில் நமக்குப் பருத்தி மாதிரி நல்ல துணி கிடையாது. இந்த மலையில் அதுதான் கெடுதல். பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் நனைந்தால் காலில் ஈயத்தைக் கட்டிக்கொண்டு நடப்பது போலிருக்கும், அன்று முழுக்கக் காயாது. கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் தண்ணீர் புகாத மழைக்கோட்டு. மழைக் கால்சட்டையும் வேண்டும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குல்லாய், கையுறை ஆகஸ்டிலும் பையில் இருக்கட்டும். கிராமத்தைவிட வெர்ன்சைட் உச்சி 500 மீட்டர் உயரம். அதனால் மட்டும் மூன்று டிகிரி குறையும். குளிர்வது அந்த மூன்று டிகிரியால் இல்லை, மேலே அடிக்கும் காற்றால்.

காலுக்குப் பிடிப்பான அடிப்பாகம் உள்ள நடை ஷூ. புதிதாக வாங்கியதை அன்றே போடாதீர்கள். இந்த ஊர்களில் பழைய பொருள் விற்கும் தர்ம அறக்கட்டளைக் கடைகளில் நல்ல மழைக்கோட்டு ஐந்து, பத்து பவுண்டுக்குக் கிடைக்கும். என்னுடைய முதல் கோட்டும் அப்படி வாங்கியதுதான்.

அக்டோபர் கடைசி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்தரை மணி வெளிச்சம்கூட இருக்காது, உங்களுக்கோ இது முதல் முறை. ஆளுக்கொரு தலைவிளக்கு இல்லாமல் கிளம்பக் கூடாது. என்னைக் கேட்டால் இங்கிள்பரோ ஒன்றை மட்டும் இப்போது ஏறிவிட்டு, முழுச் சுற்றை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேயில் இன்னொரு லாபமும் உண்டு. நீண்டு வளைந்த மூக்குள்ள கர்லூ பறவை அப்போதுதான் புல்வெளிகளில் குஞ்சு பொரித்திருக்கும். அது கூவிக்கொண்டே மேலே எழும்பும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டீர்கள்.

வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்? (ஹேரோவிலிருந்து ஒரு வாசகி)

என் பையில் எப்போதும் இருப்பது புளியோதரை. முந்தின இரவே கிளறி வைத்துவிடுவேன். உப்பும் புளிப்பும் வியர்வை கொட்டும் நாளில் உடம்பு கேட்கும், குளிர்ந்தாலும் ருசி கெடாது. தயிர்சாதம் ஒருமுறை கொண்டுபோனேன், பைக்குள் குலுங்கிக் குலுங்கிப் புளித்துவிட்டது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நல்லது, ஆனால் சிறியதாக ஊற்றிக்கொள்ளுங்கள், கையுறையோடு பிய்த்துத் தின்பது கஷ்டம். சட்டைப்பையில் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். ஒரு மணிக்கு ஒரு தரம் பசிக்கும் முன்பே ஏதாவது வாயில் போட்டுவிட வேண்டும். சின்ன ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டுபோவேன், இங்கிள்பரோ உச்சியில் குடிப்பதற்கு. அதற்கு முன் அதைத் தொடவே மாட்டேன்.

தண்ணீர் குறைந்தது இரண்டு லிட்டர், வெயில் நாளில் மூன்று. ரிபிள்ஹெட் சாலையோரத்தில் பெரும்பாலும் ஒரு தேநீர் வண்டி நிற்கும், ஆனால் அதை நம்பி வீட்டிலிருந்து வெறுங்கையோடு வராதீர்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மேலே ஆடுகள் மேய்கின்றன, செத்தும் கிடக்கின்றன.

பாலத்தின் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். ஏன் என்று எழுதவில்லையே? (ஈப்போவிலிருந்து ஒரு வாசகி)

இடம் போதாமல் விட்டுவிட்டேன் அம்மா. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

பெனிகென்ட்டிலிருந்து இறங்கி மூன்று மணி நேரம்போல மேய்ச்சல் நிலத்தில் நடந்தால் ரிபிள்ஹெட் வரும். அங்கே ஒரு ஈரப்புல்வெளிக்கு நடுவில் 24 வளைவுகளோடு ரயில் பாலம் நிற்கிறது. 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். செட்டில் என்ற ஊரிலிருந்து கார்லைல் போகும் பாதை அது. பாலத்தின் வேலை 1870இல் தொடங்கி 1874இல் முடிந்தது. ஒவ்வொரு ஆறாவது தூணையும் மற்றவற்றைவிடப் பருமனாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு தூண் சாய்ந்தால் மொத்தப் பாலமும் வரிசையாகச் சரிந்துவிடாமல் அந்தப் பருத்த தூண் தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற யோசனை. கீழே நின்று எண்ணிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியும்.

இதைக் கட்டியவர்கள் நேவிகள் என்று அழைக்கப்பட்ட கூலித் தொழிலாளர்கள். பெரும்பாலும் மண்வெட்டியும் கடப்பாரையும் வெடிமருந்தும்தான் அவர்களுடைய கருவிகள். பாலத்தைச் சுற்றியிருந்த பேட்டி மாஸ் என்ற சதுப்பில் மரக்குடில் போட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு தங்கியிருந்தார்கள். குடில் கூட்டங்களுக்கு செபஸ்டபோல், ஜெரிக்கோ, பெல்கிரேவியா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெல்கிரேவியா லண்டனில் பணக்காரர்கள் வாழும் பகுதி. சேற்றில் நின்ற குடில்களுக்கு அந்தப் பெயர். விபத்தில் செத்தவர்கள் ஒரு பக்கம், பெரியம்மை வந்து செத்தவர்கள் இன்னொரு பக்கம். பக்கத்து சேப்பல்-லீ-டேல் கிராமத்து தேவாலயத்தில் இருநூறு பேருக்கு மேல் புதைக்கப்பட்டார்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும். அந்தச் சின்னத் தேவாலயம் நம் சுற்றிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கிறது. ஒரு முறை அதற்காகவே தனியாகப் போய்வந்தேன். பெரும்பாலோருக்குத் தனிக் கல்லறைக்கல் கிடையாது.

குடில்கள் இருந்த இடத்தில் இன்று ஒன்றும் இல்லை. புல்லுக்கு அடியில் மேடும் பள்ளமுமாகத் தெரியும், தெரிந்தவர் காட்டினால்தான் புரியும். சுற்று நடப்பவர்கள் அந்த மேடுகளுக்கு நடுவே வேகமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். நான் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்தச் சதுப்பில் குழந்தையைக் குளிப்பாட்டிய ஒரு தாய் எங்கே தண்ணீர் காயவைத்திருப்பாள் என்று நினைத்துப் பார்ப்பேன். அரை மணி நேரம் அப்படித்தான் போகும்.

1980களில் இந்தப் பாதையையே மூடிவிடப் பார்த்தார்கள், பாலத்தைப் பழுதுபார்க்க அதிகம் செலவாகும் என்று. மக்கள் விடவில்லை. 1989இல் மூடும் முடிவு கைவிடப்பட்டது. இன்றும் லீட்ஸிலிருந்து அதே பாதையில்தான் நான் ஹார்ட்டனுக்கு ரயிலில் போய் இறங்குகிறேன்.

ஓடை திடீரென்று காணாமல் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். எப்படி? (சிவகங்கையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்)

மூன்று மலையும் ஒரே மாதிரி அடுக்கப்பட்டவை. அடியில் தடித்த சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் களிப்பாறை, மணற்பாறை, மெல்லிய சுண்ணாம்பு என்று மாறி மாறி. உச்சியில் தொப்பி போல, மில்ஸ்டோன் கிரிட் என்ற கரடுமுரடான மணற்பாறை, ஒரு காலத்தில் திரிகைக்கல் செய்தது அதில்தான். மேல் அடுக்குகளில் தண்ணீர் இறங்காது, அதனால் ஓடையாக ஓடும். சுண்ணாம்பு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் மழைநீரின் லேசான அமிலம் பல்லாயிரம் வருடமாகக் கரைத்து வைத்திருக்கும் ஓட்டைக்குள் இறங்கிவிடும். இங்கிள்பரோவின் தெற்குச் சரிவில் கேப்பிங் கில் என்ற குழியில் ஓர் ஓடை சுமார் நூறு மீட்டர் நேராகக் கீழே விழுகிறது. 1895இல் மார்ட்டெல் என்ற பிரெஞ்சுக்காரர்தான் முதன்முதலில் அதன் அடி வரை இறங்கினார்.

இங்கிள்பரோவிலிருந்து ஹார்ட்டன் திரும்பும் வழியில் சல்பர் என்ற இடத்தில் சுண்ணாம்புப் பாறை தரைபோல விரிந்து கிடக்கும். பனியுகத்தில் பனியாறு மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனதில் வெளிப்பட்ட பாறை. பிறகு மழை அதில் நீளநீளமாக வெடிப்புகளை அரித்தது. பாறைத் திட்டை இங்கே கிளின்ட் என்கிறார்கள், இடைவெடிப்பை கிரைக். ஆடு எட்டாத அந்த வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் பெரணி தழைத்திருக்கும். உங்கள் மாணவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: தோட்ட அலங்காரத்துக்காக இந்தப் பாறையைப் பெயர்த்து விற்ற காலம் இருந்தது. 1981இல் வந்த சட்டம்தான் அதற்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

பெண்களுக்குக் கழிப்பிட வசதி? இதை யாரும் எழுதுவதே இல்லை. (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

ஹார்ட்டன் கார் நிறுத்துமிடத்தில் பொதுக் கழிப்பிடம் இருக்கிறது. மலையில் ஒன்றும் இல்லை. மதில்கள் மறைப்புக்கு உதவும். ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் ஐம்பது தப்படியாவது தள்ளிப் போங்கள். பயன்படுத்திய காகிதம், நாப்கின் எல்லாவற்றையும் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள், அதற்கென்று இரட்டைப் பை வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் நடக்கும் பெண்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தலைச்சுற்றி விழுந்தால் அது பெரிய ஆபத்து.

மூடுபனியில் வழி தவறியிருக்கிறீர்களா? கைபேசி வரைபடம் போதாதா? (மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு வாசகர்)

தவறியிருக்கிறேன். இங்கிள்பரோ உச்சியில்.

அந்த உச்சி கூரானது இல்லை, மைதானம் போலத் தட்டை. 723 மீட்டர். நடுவில் சிலுவை வடிவில் காற்று மறைப்புச் சுவர். நல்ல வெயிலில் அங்கே நின்றால் எல்லா வழியும் தெரியும். அன்று எனக்குப் பத்து மீட்டர்கூடத் தெரியவில்லை. சுவரின் ஒரு பக்கம் உட்கார்ந்து ரசம் குடித்துவிட்டு எழுந்தேன். எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்பதே குழம்பிவிட்டது. நன்றாகத் தேய்ந்த ஒரு பாதை கிடைத்ததும், இதுதான் என்று இறங்கத் தொடங்கினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பனி விலகியபோது கீழே தெரிந்தது ஹார்ட்டன் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இங்கிள்டன்.

கைபேசி என்னிடம் இருந்தது. குளிரில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சிக்னலும் இந்தச் சுற்றில் பல இடங்களில் வராது. அதற்குப் பிறகு ஓஎஸ் (ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் நில அளவை நிறுவனம்) வரைபடத்தில் ஓஎல் 2 என்ற தாளும் திசைகாட்டியும் இல்லாமல் நான் போவதில்லை. மூன்று மலையும் அந்த ஒரே தாளில் வந்துவிடும். திசைகாட்டி பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், கற்றுக்கொள்ளலாம்.

இங்கிள்பரோவில் நினைவில் வைக்க வேண்டியது: சுற்றுக்காரர்கள் உச்சியைக் கடந்து போவதில்லை. வந்த வழியிலேயே, வடகிழக்குப் பக்கமாக, மேட்டின் விளிம்பு வரை திரும்பி வர வேண்டும். அங்கே வழி பிரியும். இடப்பக்கம் நீங்கள் ஏறி வந்த செங்குத்துப் பாதை. ஹார்ட்டனுக்கு வலப்பக்கம். உச்சிச் சுவரை அடைந்ததும் உட்காரும் முன் திசைகாட்டியை எடுத்துத் திரும்பிப் போகும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்கிறேன்.

உண்மையாகவே ஆபத்து என்றால் 999ஐ அழைத்து, முதலில் போலீஸ் என்றும் பிறகு மலைமீட்பு என்றும் கேட்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். இங்கே வருபவர்கள் கிளாப்பம் கிராமத்தில் 1935இலிருந்து இயங்கும் குகைமீட்பு அமைப்பினர். எல்லோரும் தன்னார்வலர்கள். இரவு வேலையை, சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களைத் தேவைப்படும்போது கூப்பிடத் தயங்காதீர்கள், ஆனால் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய்க் கூப்பிடும்படி வைக்காதீர்கள்.

போன மாதம் முயன்றேன். இரண்டு மலை முடித்து வெர்ன்சைட்டிலிருந்து இறங்கியதும் முட்டி வீங்கிவிட்டது. மூன்றாவதை விட்டுவிட்டேன். இந்த நடையைச் சொல்லி அலுவலகத்தில் நற்பணிக்குப் பணம் திரட்டியிருந்ததால் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. (பர்மிங்ஹாமிலிருந்து ஒரு வாசகர்)

தம்பி, நீங்கள் செய்ததுதான் சரி. அடியில் சேப்பல்-லீ-டேலுக்கு இறங்கியதும் நின்றிருக்கிறீர்கள். அந்த இடம்தான் இந்தச் சுற்றில் முடிவெடுக்கச் சரியான இடம். அங்கிருந்து சாலையோரமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ரிபிள்ஹெட் நிலையம், அங்கிருந்து ஒரே நிறுத்தத்தில் ஹார்ட்டன். அதைத் தாண்டி இங்கிள்பரோவுக்கு ஏறிவிட்டால் வீங்கிய முட்டியோடு மேலேயும் போக வேண்டும், பிறகு எட்டுக் கிலோமீட்டர் இறங்கவும் வேண்டும். நடுவில் சாலையே கிடையாது.

என் முதல் முயற்சி ஒரே ஒரு மலையோடு ரிபிள்ஹெட்டில் நின்றது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நிலையத்தின் மேடையில் ஷூவைக் கழற்றி வைத்துக்கொண்டு ரயிலுக்காகக் காத்திருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வயதான உள்ளூர்க்காரர் பாதத்தைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து பஞ்சும் ஒட்டும் துணியும் எடுத்துக் கொடுத்தார். "மலை அடுத்த வாரமும் இங்கேதான் இருக்கும்" என்றார். எனக்கு அடுத்த வாரம் முடியவில்லை, பதினோரு மாதம் ஆயிற்று.

பணம் கொடுத்தவர்களுக்கு நீங்கள் கடன்பட்டிருப்பதாக நினைத்தால், மிச்சமுள்ள மலையை ஏறிவிட்டு ஒரு படம் அனுப்புங்கள். முட்டியை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு நடைக்கம்பு வாங்குங்கள், இறக்கத்தில் முட்டிக்கு வரும் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். சரியானதும் ரயிலில் ஹார்ட்டன் வந்து இறங்குங்கள். இங்கிள்பரோவிலிருந்து வரும் பாதை அந்த நிலையத்துக்கேதான் வந்து சேர்கிறது. அதே பாதையில் ஏறி, அதே பாதையில் இறங்குங்கள். போகவர பதினாறு கிலோமீட்டர், சரிவு பெரும்பாலும் மிதமானது. சல்பரில் பாறைத்தரைக்கு வந்ததும் கொஞ்சம் உட்காருங்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் பெனிகென்ட் நேர் எதிரே, குனிந்து படுத்த சிங்கம் மாதிரி முழுதாகத் தெரியும். அதை நீங்கள் ஏற்கெனவே ஏறிவிட்டீர்கள்.